வானநூலார் மறுத்தது யாது?

வானநூல் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் இக்காலத்து இருதிறத்தார் உளர். ஒருதிறத்தார், ஞாயிறு நிலவுலகைச் சுற்றுவதில்லை, நிலவுலகே ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்று மேனாட்டு வானநூலார் காட்டிய அன்றே கடவுட்கொள்கை வீழ்ந்தொழிந்தது என்பர். அவ்வானநூலாரைச் சமயத்தலைவர் வருத்தியதே அதற்குச் சான்று என்றும் கூறுவர். மற்றொரு திறத்தார், சமயநூற் சொல்லுக்கு மாறாக வருவது யாதாயினும் அது நாத்திகத்தின் வித்தே, ஆதலின் அதனைச் செவிமடுத்தலும் குற்றம் என்பர். முன்னவர் சமயத்தை அழித்தற்பொருட்டும் பின்னவர் அதனைக் காத்தற்பொருட்டும் இவ்வாறு கூறுவராயினும், இருவர் கூற்றும் ஒரே அடிப்படைமேல் எழுந்தனவாம். வானத்துக் கோள்கள் எவ்வாறு ஓடுகின்றன என்பதனைப் பற்றிக்கொண்டே கடவுளுண்மை நிற்கும், அல்லது வீழும் என்பதே அவ்வடிப்படை. அது பொய்யென்பதும், பண்டை வானநூலார் மறுத்தது கடவுளையன்று, அளவை மயக்கத்தையே என்பதும், அம்மயக்கத்தைச் சமயத்தின் பெயராற் காக்கப் புகுந்தவரே சமயத்திற்குப் பெருந்தீங்கு இழைத்தவர் என்பதும் மேனாட்டு வரலாறுகொண்டு ஈண்டு நிறுவப்படும்.

பொருள்களை அறிதற்குரிய அளவைகள் பலவாக எண்ணப்படினும், அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சிவஞானசித்தியார் கற்றோர் அறிந்ததே. இம்மூன்றற்கும் தனித்தனி எல்லை உண்டு. நெருப்புச் சுடும் என்பதற்கு நூற்சான்று வேண்டுவதில்லை, தொட்டவன் அறிவான். மலைக்கு அப்பால் எழும் புகையைக் கண்டவன் ஆண்டுத் தீயுண்டென்று கருதலால் துணிவான். இவ்விரண்டிற்கும் எட்டாத பொருளை உணர்த்துதற்கே உரையளவை வேண்டப்படுவது. ஆகவே, கண்ணாலும் கணக்காலும் அறியத்தக்கதொன்றனை நூலின் சொல்லைக்கொண்டு முடிவுகட்டுதல் ஒரு பிழை. கண்ணுக்கும் கணக்குக்கும் எட்டாததொன்றனைக் கண்ணாடிக் குழாயிற் கண்டிலம் என்று மறுத்தல் மற்றொரு பிழை. ஓர் அளவையின் எல்லைக்குள் மற்றோர் அளவையைப் புகுத்தலே இரண்டற்கும் முதலாகும். மேனாட்டில் முதற்பிழை சமயத்தாரால் நிகழ்ந்தது. இரண்டாவது பிழை அவர்க்கு மாறுபட்டாரால் நிகழ்ந்தது.

முதற்பிழை கிறித்து சமயத்தோடு தோன்றியதன்று. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் அனக்சாகோரர் என்னும் கிரேக்க அறிஞர், ஞாயிறு ஒரு தேவனல்லன், எரியும் பெருங்கல்லே என்றார். ஏதென்சு நகரத்தார் அவர்மீது தெய்வநிந்தைக் குற்றஞ் சாட்டினர். அவர் அந்நகரை விட்டு நீங்க நேர்ந்தது. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் சாமோசுத் தீவினராகிய அரிசுட்டார்க்கர், ஞாயிறு அசையாது நிற்ப நிலவுலகே அதனைச் சுற்றுகின்றது என்று கூறினார். அண்டத்தின் அடுப்பினை இடம்பெயர்த்தார் என்று அவர்மேல் வழக்கிடல் வேண்டும் எனக் கிளீந்தர் என்னும் தத்துவநூலார் கருதினர் என்று புளூட்டார்க்கர் எழுதிவைத்தனர். இக்கிரேக்கர் கையில் விவிலியம் இல்லை. பாப்பரசரும் அவர்க்கு இலர். ஆயினும் சினம் ஒன்றே. இதனால், அச்சினத்திற்கு வேர் குறித்த ஒரு சமயநூலன்று, நெடுநாட் பழகியதனையே மெய்யெனக் கொள்ளும் மக்கள் இயல்பே என்பது பெறப்படும்.

இனி, ஐரோப்பாவிற் சமயக்கொள்கை என்று காக்கப்பட்டது உண்மையில் யாருடைய கொள்கை என்பது நோக்கற்பாலது. நிலவுலகம் நடுவில் அசையாது நிற்கும். சந்திரன், புதன், வெள்ளி, ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி என்பன ஒன்றனை ஒன்று சூழ்ந்த கோளங்களிற் பதிந்து அதனைச் சுற்றும். சந்திரனுக்குக் கீழுள்ளன தோன்றி அழியும், மேலுள்ளன என்றும் மாறா. இதனை வகுத்தவர் கி. மு. நான்காம் நூற்றாண்டினராகிய அரிசுட்டாட்டில். இதற்குக் கணக்கு வகுத்தவர் கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்திருந்த தாலமி. இவ்விருவருட் கிறித்தவர் ஒருவரும் இலர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமசு அக்குவினாசு முதலிய சமயப் பேராசிரியர் அரிசுட்டாட்டிலின் தத்துவத்தைத் தம் சமயக்கொள்கையோடு இணைத்தனர். இணைத்தது குற்றமன்று, தம் காலத்துச் சிறந்த கல்வியைச் சமயத்திற்குத் துணைக்கொள்ளுதல் அறிஞர்க்கு இயல்பு. ஆனால் மூன்று நூற்றாண்டு கழிந்தபின் இணைத்தது என்பதே மறந்துபோயிற்று. கிரேக்கருடைய வானநூல் கடவுளின் திருவாக்காகவே மதிக்கப்பட்டது. யோசுவா என்பார் போர்க்களத்தில் ஞாயிற்றை நிற்கச் சொன்னார் என்னும் விவிலியப் பகுதி போன்ற சிலவற்றை அதற்குச் சான்றாக அடுக்கினர். ஞாயிறு எழுந்தது, ஞாயிறு வீழ்ந்தது என்று வழங்கும் உலகவழக்கே அப்பகுதிகளில் உள்ளது; கோள்களின் கணக்கு அவற்றுள் யாண்டும் இல்லை.

இக்கொள்கையை முதற்கண் அசைத்தவர் சமயப்பகைவரோ எனின், அற்றன்று. 1473ஆம் ஆண்டு போலந்து நாட்டுத் தோருன் நகரிற் பிறந்த கொப்பர்னிக்கசு, மேற்றிராணியார் ஒருவருக்கு மருகர்; பிரவுன்பர்க்குத் தேவாலயத்தின் குருக்குழுவில் ஓருறுப்பினர். அவர் கொள்கையைக் கேள்வியுற்ற சேன்பர்க்குக் கர்தினால் 1536ஆம் ஆண்டு அவருக்குத் திருமுகம் விடுத்து, அதனை உலகிற்கு அறிவிக்குமாறு வேண்டினர். அவரை நாடிவந்து நூலை வெளியிடத் தூண்டிய இரேத்திக்கசு என்னும் மாணவர் மாறுபட்ட லூத்தர் சபையைச் சார்ந்தவர். 1543ஆம் ஆண்டு நூரம்பர்க்கு நகரில் அந்நூல் அச்சாயிற்று. ஆசிரியர் அதனை அப்போதிருந்த மூன்றாம் பவுல் என்னும் பாப்பரசர்க்கே உரிமைசெய்தனர், அவ்வாண்டிலேயே இறந்தனர். அச்சுப்பணியை மேற்பார்த்த ஓசியாந்தர் என்னும் லூத்தர் சபைப் போதகர், இந்நூலிற் சொல்லப்படுவன கணக்கிற்கு உதவும் புனைவுகளே, மெய்யாயிருத்தல் வேண்டுவதில்லை என்று தம் பெயர் குறியாது ஒரு முன்னுரை எழுதிச் சேர்த்தனர். ஆசிரியர் மெய்யென்று எழுதியதனைப் புனைவென்று ஒரு போதகர் மறைத்தார். சமயத்தின் பெயரால் இவ்வழக்கில் நிகழ்ந்த முதற்பொய் இதுவாகும். அச்சத்தாற் பிறந்த இச்சிறுபொய்யே தொண்ணூறாண்டு கழித்து ஒரு பெரும்பொய்யாக வளர்ந்தது.

கொப்பர்னிக்கசிற்குப் பின் டைக்கோ பிராகே என்னும் தேனிய நாட்டறிஞர் 1572ஆம் ஆண்டு வானிற் புதியதோர் மீன் தோன்றியதைக் கண்டு, அது சந்திரனுக்கு மேலுள்ளதென்று அளந்து காட்டினர். 1577ஆம் ஆண்டு வந்த வால்வெள்ளியும் சந்திரனுக்கு அப்பாற் கோள்களினிடையே செல்வது என்று காட்டினர். மேலுலகு மாறாது என்னும் கொள்கையும், கோள்கள் திண்ணிய கோளங்களிற் பதிந்தன என்னும் கொள்கையும் அவற்றால் ஒருங்கே வீழ்ந்தன. ஆயினும் அவ்வறிஞர் நிலவுலகம் அசைகின்றது என்பதனை ஒப்புக்கொள்ளவில்லை. நிலவுலகம் ஞாயிற்றைச் சுற்றுமாயின், ஆறு மாதத்திற்கு ஒருமுறை நாண்மீன்கள் சிறிது இடம்பெயர்ந்து தோன்றல் வேண்டும். அப்பெயர்ச்சி காணப்படவில்லை என்பது அவர் தடை. அது நேர்மையான தடை. நூற்சொல்லைக் காட்டி வாயடைப்பதன்று. காட்சியைக் காட்டிக் காட்சியைக் கேட்பது. அறிஞர் வழக்கிடும் முறை அதுவே.

டைக்கோ அளந்துவைத்த அளவுகளைப் பெற்ற கெப்ளர் குருத்தொழிலுக்கென்று கல்விபயின்றவர். செவ்வாயின் வழி வட்டமென்று கொண்டு அவர் ஆண்டுகள் பல கணக்கிட்டனர். கணக்கிற்கும் காட்சிக்கும் 8 கலை அளவு வேறுபாடு எஞ்சியது. முழுமதியின் அகலத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கே அது. அவ்வளவினைப் பிறர் புறக்கணித்திருப்பர். அவர் புறக்கணியாது, இரண்டாயிரம் ஆண்டாகத் தெய்விகமென்று போற்றப்பட்ட வட்டவழியையே கைவிட்டு, கோள்கள் நீள்வட்டத்திற் செல்கின்றன என்று 1609ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிறுவினர். தம் விருப்பத்தினும் மெய்ம்மையே பெரிதென்று கொண்ட இச்செயல் தவத்தை ஒத்தது. அவர்க்குச் சமயத்தார் செய்தது யாது? 1600ஆம் ஆண்டு கத்தோலிக்கர் அவரைத் தம் சமயத்தினர் அல்லர் என்று கிராசு நகரினின்றும் ஓட்டினர். 1612ஆம் ஆண்டு லிஞ்சு நகரில் அவருடைய சொந்தச் சபைப் போதகரே, சபைக் கோட்பாடு ஒன்றனுக்குக் கையெழுத்திட மறுத்தார் என்று அவருக்குத் திருவிருந்து மறுத்தனர். அவருடைய முதிய தாயார்மேற் சூனியக்காரி என்று வழக்கிட்டு ஓராண்டிற்கு மேல் சிறையில் வைத்தனர். கெப்ளர் தாமே வழக்காடி 1621ஆம் ஆண்டு அவரை மீட்டனர். இவ்வளவிற்குப் பின்னும் அவர் கடவுளை மறந்திலர். வானத்தின் ஒழுங்கைக் கணக்கிடுதல் இறைவன் எண்ணத்தை உடன் எண்ணுதலே எனக் கொண்டிருந்தனர். வானநூல் அவரை நாத்திகராக்கியிலது. சமயத்தாருடைய கொடுமையும் ஆக்கியிலது.

கலீலியோ தாமே செய்துகொண்ட தொலைநோக்குக் கண்ணாடியை 1609ஆம் ஆண்டின் இறுதியில் வானின்பால் திருப்பினர். சந்திரனில் மலைகளும் பள்ளங்களும் தோன்றின. 1610ஆம் ஆண்டு சனவரி மாதம் 7ஆம் நாள் முதல், வியாழனருகில் நான்கு சிறுமீன்கள் இடம்மாறி மாறி அதனைச் சுற்றுதலைக் கண்டனர். எல்லாம் நிலவுலகையே சுற்றும் என்பதனை அந்நான்கும் பொய்ப்பித்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெள்ளி, சந்திரனைப் போலத் தேய்ந்தும் வளர்ந்தும் முழுவட்டமாகியும் தோன்றக் கண்டனர். வெள்ளி ஞாயிற்றைச் சுற்றினாலன்றி அது நிகழாது. தாலமியின் கணக்கு அவ்வளவில் முடிந்தது. ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அக்கண்ணாடி வழியாகப் பார்க்கவும் ஒருப்படாதவர் சிலர் இருந்தனர். அவருள் முதன்மையானவர் குருவல்லர், பாதுவா நகரத்துத் தத்துவப் பேராசிரியர் கிரேமோனினி. அவர்தாமும் சமயவிசாரணை மன்றத்தின் ஐயத்திற்கு ஆளானவரே. மற்று, உரோமையிலிருந்த இயேசு சபைக் கல்லூரியின் வானநூற் குருமாரோ, தாமும் பார்த்து, கலீலியோ கண்டன மெய்யென்று 1611ஆம் ஆண்டு சான்று கூறினர். பார்க்க மறுத்தவர் கல்விச் செருக்கினர், பார்த்தவர் குருமார். சமயத்தார் யாவரும் கண்மூடினர் என்பாரும், அறிஞர் யாவரும் கண்திறந்தனர் என்பாரும் வரலாறு அறியாதார்.

அவ்வாறாயின் குற்றம் எவ்விடத்து நிகழ்ந்தது? 1615ஆம் ஆண்டு பெல்லார்மீன் என்னும் கர்தினால் எழுதிய ஒரு கடிதத்தில், நிலவுலகம் சுற்றுகின்றது என்பதற்கு மெய்யான நிறுவல் கிடைக்குமாயின், அதற்கு மாறாகத் தோன்றும் திருநூற் பகுதிகளை மிகவும் ஆய்ந்து விளக்குதல் வேண்டும். நிறுவப்பட்டதனைப் பொய்யென்பதினும் அப்பகுதி நமக்கு விளங்கவில்லை என்பதே தக்கது என்னும் கருத்துப்பட எழுதினர். அளவை நெறிக்கு இது முற்றும் ஒத்தது. காட்சியும் கருதலும் உறுதிப்பட்டவிடத்து உரைக்குப் பொருள்கொள்ளும் முறையே மாறவேண்டும் என்பதன்றோ இதன் துணிபு! ஆனால் நிறுவல் தம் கைக்கு வரவில்லை என்பதனால், மறுதலை நிறுவப்பட்டதாகவே அவரும் அவர் உடனிருந்தாரும் நடந்தனர். 1616ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் விசாரணை மன்றத்தின் ஆராய்ச்சியாளர், ஞாயிறு நடுவில் நிற்கின்றது என்பது தத்துவ நெறியில் அறிவின்மையும் சமயநெறியில் மாறுபாடுமாம் என்று முடிவு கூறினர். மார்ச்சு மாதம் 5ஆம் நாள் கொப்பர்னிக்கசின் நூல் திருத்தப்படும்வரை தடுக்கப்பட்டது. பாப்பரசர்க்கு உரிமையாக்கப்பட்ட நூல் எழுபத்து மூன்று ஆண்டு கழித்துப் பாப்பரசர் ஆட்சியிலேயே குற்றநூலாயிற்று. எழுபத்து மூன்று ஆண்டில் விவிலியம் மாறவில்லை. மாறியது சமயத்தலைவர் மனம்.

1632ஆம் ஆண்டு கலீலியோ இருபெருங் கொள்கைகளைப் பற்றிய உரையாடல் நூலை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு அவர் உரோமைக்கு வருவிக்கப்பட்டார். அவர்க்கு முன்னர் நண்பராயிருந்தவரே அப்போது எட்டாம் உர்பன் என்னும் பாப்பரசர். வதைத்து வினவப்படும் என்ற அச்சுறுத்தலின் கீழ் அவர் வினவப்பட்டார். 1633ஆம் ஆண்டு சூன் மாதம் 22ஆம் நாள், மினெர்வா மடத்தில், 69 வயதினராகிய அம்முதியவர் முழந்தாளிட்டு, நிலவுலகம் அசைகின்றது என்னும் கொள்கையைப் பழித்து வெறுத்துக் கைவிடுவதாகத் திருநூலைத் தொட்டு ஆணையிட்டனர். நீதிபதிகளாகிய பதின்மர் கர்தினால்களுள் தீர்ப்பிற் கையெழுத்திட்டவர் எழுவரே. எழுந்து நின்றபோது, ஆயினும் அது அசைகின்றது என்று அவர் முணுமுணுத்தார் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிற் பரவிய கதை. அதனைக் கூறி மகிழ்வார்க்கு அதனாற் பயன் ஒன்றுமில்லை. உண்மையில் நிகழ்ந்தது அக்கதையினும் கொடியது. அவர் முணுமுணுக்கவில்லை, கண்டதனைக் கண்டிலேன் என்பதுபோல் ஆணையிட்டார்.

இவ்விடத்து உரோமைச் சபைக்காக வழக்குரைப்பார் ஒரு தடை நிகழ்த்துவர். கலீலியோ காட்டிய ஏதுக்கள் முற்ற நிறுவுவன அல்ல. கடலின் ஏற்றவற்றத்தை நிலவுலக அசைவிற்குச் சான்றாக அவர் காட்டியது பிழை. ஆதலின் மன்றத்தார் அறிவுநெறிப்படியே தீர்ப்பளித்தனர் என்பர். அவர் கூறும் முற்பகுதி மெய்யே. ஏற்றவற்றம் சந்திரன் ஈர்ப்பாலும் ஞாயிற்றின் ஈர்ப்பாலும் ஆவது. அதுபற்றிக் கலீலியோ தவறினர். நிலவுலகின் ஓட்டத்திற்கு நேர்ச்சான்று 1728ஆம் ஆண்டு பிராட்லி என்பார் நாண்மீன் ஒளியின் பிறழ்ச்சியைக் கண்டபோதே கிடைத்தது. டைக்கோ கேட்ட நாண்மீன் இடப்பெயர்ச்சி 1838ஆம் ஆண்டு பெசல் என்பாரால் அளக்கப்பட்டது. அஃது ஒரு விகலையின் மூன்றிலொரு பங்களவே ஆதலின் முன்னையோர் கண்ணுக்கு எட்டவில்லை. நிலவுலகம் தன்னைத்தானே சுழல்வதனை 1851ஆம் ஆண்டு பாரிசு நகரத்தில் பூக்கோ என்பார் 67 மீட்டர் நீளமுள்ள ஊசற்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு யாவரும் காணக் காட்டினர். இவையெல்லாம் 1633ஆம் ஆண்டில் இல்லை என்பது மெய்யே.

ஆயின் அதனாற் பெறப்படுவது யாது? நிறுவப்படாத பொருளின்கண் அறிவுடையார் கொள்ளத்தக்கது ஐயம், தண்டனையன்று. உறுதிப்படவில்லை என்று மன்றத்தார் கூறியிருப்பரேல் அவர் அறிஞரேயாவர். பொறுத்திருந்து பார்ப்போம் என்று கூறியிருப்பரேல் அவர் சமயச் சான்றோரும் ஆவர். அவரோ, கொள்கை பொய்யென்றும், அதனை மெய்யெனக் கருதுதல் சமயக்குற்றத்திற்கு இடமென்றும் தீர்ப்பெழுதினர். ஐயத்திற்குரியதனைத் துணிபென்று கொண்டது அளவைப்பிழை மட்டுமே. அவ்வளவில் நின்றிருந்தால் மன்னித்தற்குரியது. ஆனால் ஒரு மனிதனை, தன் அறிவிற்கு மாறாகக் கடவுளைச் சான்றாக்கி ஆணையிடுமாறு வற்புறுத்தினர். பொய்யாணை இடுதல் பாவமென்று கற்பிக்கும் சமயம், பொய்யாணை இடுவித்தலைத் தன் காவலென்று கொண்டது. கலீலியோவின் கண்ணாடி கடவுளின் பெயருக்கு இழுக்கு விளைத்திலது; அம்மடத்திற் கேட்ட ஆணைமொழியே விளைத்தது.

அதன் பயன் யாது? கலீலியோ ஆர்ச்செற்றி என்னும் ஊரில் தம் இல்லத்திலேயே காவலில் வைக்கப்பட்டு, கண்ணொளியும் இழந்து, 1642ஆம் ஆண்டு இறந்தனர். வாரத்திற்கு ஒருமுறை ஏழு பச்சாத்தாபச் சங்கீதங்களை ஓதுதல் வேண்டும் என்று அவருக்கு விதிக்கப்பட்ட கழுவாயை, கன்னியர் மடத்திருந்த அவர் மகள் தாமே ஏற்றனர். அவரும் 1634ஆம் ஆண்டு தந்தைக்கு முன்னரே இறந்தனர். அத்தீர்ப்பைக் கேள்வியுற்ற தெக்கார்த்து என்னும் பேரறிஞர், தாம் எழுதி முடித்த உலகநூலை வெளியிடாது மறைத்தனர். கலீலியோவின் இறுதிப் பெருநூல் இத்தாலியில் அச்சேற இடமின்றி 1638ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் அச்சாயிற்று. அந்நூல் ஐரோப்பா முழுதும் பரவியது. இத்தாலி நாட்டு இளைஞர் உள்ளத்தில் அச்சமே பரவியது. நிலவுலகோ ஒருகணமும் நில்லாது ஓடிற்று. 1757ஆம் ஆண்டு அக்கொள்கைமேலிருந்த பொதுத்தடை நீக்கப்பட்டது. 1835ஆம் ஆண்டு வெளியான தடைநூற் பட்டியலிலேயே கொப்பர்னிக்கசு, கலீலியோ என்பார் பெயர் விடுபட்டன. 1992ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 31ஆம் நாள் இரண்டாம் யோவான் பவுல் என்னும் பாப்பரசர், கலீலியோ வழக்கில் சமயநூலார் பிழைபட்டனர் என்று வெளிப்பட ஒப்புக்கொண்டனர். அன்று வரை ஏறத்தாழ முந்நூற்றறுபது ஆண்டு, சமயம் அறிவிற்குப் பகை என்று கூற விரும்பினார் ஒவ்வொருவர்க்கும் அத்தீர்ப்பே படைக்கலமாய் உதவிற்று. அப்படைக்கலத்தைச் செய்துகொடுத்தவர் நாத்திகரல்லர்.

இத்தனைக்கும் நடுவே போலோனியா நகரத்துப் பெருந்தேவாலயத்தில் 1655ஆம் ஆண்டு காசினி என்னும் வானநூலார், முகட்டில் ஒரு துளையும் தளத்தில் ஒரு நேர்கோடும் அமைத்து, ஞாயிற்றின் ஒளிவட்டம் ஆண்டு முழுதும் பெருகியும் சுருங்கியும் விழுதலை அளந்தனர்; அவ்வளவு கெப்ளர் கணக்கையே வலியுறுத்திற்று. உயிர்த்தெழுந்த திருநாளை வரையறுத்தற்கு ஞாயிற்றின் கணக்கு சபைக்கு வேண்டியிருந்தது. வேண்டியவிடத்துத் தேவாலயத் தளமே வானநூற் கூடமாயிற்று. மறுத்தவிடத்து மடமே வழக்குமன்றமாயிற்று. சமயமும் வானநூலும் தம்முள் இயல்பாகவே பகையாயின், முன்னது எங்ஙனம் நிகழும்?

இனி, வானநூலைக் காட்டிக் கடவுளை மறுப்பார் கூற்று ஆராயத்தக்கது. ஞாயிறு நடுவில் நிற்கின்றது, ஆதலின் கடவுள் இலர் என்பது அவர் அனுமானம். இதில் ஏதுவிற்கும் துணிபொருளுக்கும் தொடர்பு யாண்டும் காட்டப்படவில்லை. புகையுள்ளவிடத்துத் தீயுண்டு என்பது போல, ஞாயிறு நடுவிலிருக்கும் உலகிற் கடவுள் இலர் என்பதற்கு எடுத்துக்காட்டு யாது? வீட்டின் தூண் நடுவிலன்றி ஓரத்தில் உளது எனக் கண்டமையால், வீட்டிற்குத் தலைவன் இலன் என்பாரை ஒப்பர் அவர். கொப்பர்னிக்கசும் கெப்ளரும் கலீலியோவும் கடவுளை நம்பினர் என்பது கடவுளுண்மைக்குச் சான்றாகாது. அதனை இங்ஙனம் காட்டுவதும் போலியேயாம். ஆனால் வானநூல் கடவுள் மறுப்பிற் கொண்டுசெலுத்தும் என்பார்க்கு, அந்நூலை ஆக்கியோரையே அஃது அங்ஙனம் செலுத்தாமை போதிய விடையாகும்.

அவர் தம் வழக்கிற்கு வலியூட்ட, 1600ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 17ஆம் நாள் உரோமையில் எரிக்கப்பட்ட புரூனோவை வானநூலுக்காக உயிர்நீத்தவர் என்று கூறுதலும் வழக்கம். அவர் வானை அளந்தவரல்லர்; அவர்மேற் கூறப்பட்ட குற்றங்களுட் பெரும்பாலன கிறித்துவின் இயல்பு, திருவிருந்து முதலிய சமயக்கோட்பாடு பற்றியன. அவரை எரித்தது கொடுமை என்பதற்கு அவரை வானநூலாராக்கவேண்டுவதில்லை. எக்கொள்கைக்காகவும் ஒரு மனிதனை எரித்தல் கொடுமையே. மெய்யை நாடுவேம் என்பார் தம் வழக்கிற்குப் பொய்யைத் துணைக்கொள்ளுதல், பிறரிடத்து அவர் கடியும் குற்றத்தையே தாமும் செய்வதாகும்.

இவையெல்லாம் மேனாட்டார் வரலாறு, இந்நாட்டுச் சைவர்க்கு இதனால் ஆவதென்னை எனின், கூறப்படும். கி. பி. 499ஆம் ஆண்டில் ஆரியபட்டர், ஓடத்திற் செல்வோன் கரையிலுள்ளன பின்னோக்கி ஓடுவதாகக் காணுதலை உவமையாக்கி, நிலவுலகம் சுழல்வதனாலேயே நாண்மீன்கள் மேற்கே செல்வனபோல் தோன்றுகின்றன என்றார். கிரகணம் நிழலால் ஆவதென்றும் கூறினார். வராகமிகிரர், அங்ஙனமாயின் பறவைகள் தம் கூட்டிற்கு மீளமாட்டா என்று தடை கூறினர். 628ஆம் ஆண்டில் நூல்செய்த பிரமகுப்தர், கிரகணத்தை நிழற்கணக்காலேயே கணித்தும், இராகுவை மறுத்தல் வேதத்திற்கும் மிருதிக்கும் மாறென்று ஆரியபட்டரைப் பழித்தனர். கணக்கு நிழலைச் சொல்ல, நா இராகுவைச் சொல்லிற்று. ஆரியபட்டரை ஒருவரும் முழந்தாளிடச் செய்திலர். இந்நாட்டிற்கு அது புகழே. எனினும் அறிந்ததொன்று, சொல்வதொன்றாக நிற்கும் இயல்பு, ஓசியாந்தர் முன்னுரைக்கு ஓராயிரம் ஆண்டு மூத்ததாய் இந்நாட்டிலும் இருந்தது என்பது மறுக்கவொண்ணாது. ஆரியபட்டர் முன்னரே கூறினார் என்று பெருமை பேசுவோர், அவர் கூற்றை இந்நாட்டார் எங்ஙனம் ஏற்றனர் என்பதனையும் உடன் கூறக்கடவர்.

கிரகணக் காலத்து நீராடலும் செபமும் வழிபாடும் செய்யும் அன்பர், பஞ்சாங்கத்தைப் பார்த்தே காலமறிகின்றனர். பஞ்சாங்கம் கணிப்போர் நிழலின் அளவையே கணிக்கின்றனர். அதனால் எவருடைய வழிபாடும் குறைந்திலது. கிரகணம் நிழலென்று அறிந்தவன் இறைவனை நினைத்தற்குத் தடையொன்றுமில்லை. புராணங்களிற் கூறப்படும் மேருவும் ஏழு தீவும் ஏழு கடலும் நிலநூற் கணக்கென்று பிடித்து, அவற்றின்மேற் சிவபரத்துவத்தை நிறுத்துவார் உளராயின், அவர் உரோமை மன்றத்தார் நடந்த வழியிலேயே நடக்கின்றனர். அவற்றை மாணவன் ஒருவன் தேசப்படத்தைக் காட்டி மறுக்கும் நாளில், அவன் மேருவை மட்டும் மறுத்து அமையான். அதனோடு பிணைத்துக் கற்பிக்கப்பட்ட அனைத்தையும் உடன் மறுப்பான். அவன் நாத்திகனாயினான் என்று அப்போது அழுவதனாற் பயனில்லை. அறுந்துபோம் கயிற்றில் அவனைக் கட்டியவர் எவர் என்பதே வினாவாகும்.

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுண்மை, ஞாயிறு நின்றாலும் ஓடினாலும் வேறுபடுவதன்று. உயிர் அறிவுடையதாயிருந்தும் மயங்குகின்றது என்பதற்கும், அம்மயக்கம் தானே நீங்குவதன்று என்பதற்கும், நீக்குவான் ஒருவன் வேண்டும் என்பதற்கும் வியாழனின் துணைக்கோள்கள் சான்றுமல்ல, தடையுமல்ல. கண்ணிற்கு உரியதனைக் கண்ணுக்கும், கணக்கிற்கு உரியதனைக் கணக்கிற்கும் கொடுத்தல் சமயத்தைக் குறைத்தலன்று. சமயத்தை அதன் உரிய இடத்து நிறுத்தலே. அறியாமையைக் காவலாகக் கொண்ட பக்தி, அறிவு வருந்தோறும் அஞ்சும். ஆணவமலத்தை அறுத்தற்கு எழுந்த நெறியினர், அறிவு வருகின்றதென்று அஞ்சுதல் தகுமோ? அன்று அக்கண்ணாடி வழியே பார்க்க மறுத்தார்க்கு வந்த பழி, இன்று பார்க்க மறுப்பார்க்கும் வரும் என்க.